மேற்குத் தெருவுக்கு இரண்டாம் பாதி

ஆப்பிரிக்காவின் தென்கிழக்கே மலாவி என்றொரு நாடு இருக்கிறது. அங்கே ஒரு கால்பந்தாட்டம் தொடங்கினால் இங்கே புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் ஒரு தெருவுக்குத் தண்ணீர் வராது என்பதை ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பித்துக் காட்டிய ஒரே மனிதர், எங்கள் ஊர்க் குடிநீர்த் தொட்டியின் ஆபரேட்டராக இருந்தவர்தாம். தண்ணீர் வராத தெரு எங்கள் தெரு. ஆகையால் இதைச் சற்றுச் சோர்வோடுதான் எழுதுகிறேன்.

அவருக்கு முறையான பெயர் ஒன்று உண்டு. கூலிக்காக மாதம் ஒருமுறை அவர் கையொப்பமிடும் வவுச்சரில் மட்டும் அது புழங்கியது. ஊருக்கு அவர் மலாவி. அந்நாட்டின் முதல்நிலைக் கால்பந்து லீக்கில் ஒவ்வோர் ஆண்டும் அடியிலிருந்து நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ நிற்கும் ஓர் ஏரிக்கரை ஊரின் அணிக்கு அவர் தம்மை ஒப்புக்கொடுத்திருந்தார். கோப்பை வெல்லும் பெரிய அணிகள் அங்கே உண்டு. அவற்றை அவர் மதிக்கவில்லை.

"இன்னாத்துக்கு மலாவி அந்த அணியையே புடிச்சிகினு இருக்கீங்க?" என்று ஒருமுறை யாரோ கேட்டபோது, "அவுங்களுக்கும் ஏரி, நமக்கும் ஏரிப்பா. அவுங்க ஏரியில மட்டும் வருசம் பூரா தண்ணி இருக்குது" என்றார். இதற்குமேல் கேட்கத் தகுந்த விளக்கமாக எங்களுக்கும் அது தோன்றிவிட்டது.

தொல்லை எங்கே தொடங்கிற்று என்பதைச் சொல்ல வேண்டும். ஊருக்கு மேல்நிலைத் தொட்டி ஒன்று; தெருக்கள் இரண்டு. மாலை ஐந்து மணிக்குக் கிழக்குத் தெருவுக்குத் தண்ணீர் திறக்க வேண்டும். ஆறு மணிக்கு அந்த வால்வை மூடி மேற்குத் தெருவின் வால்வைத் திறக்க வேண்டும். ஏழுக்கு அதையும் மூட வேண்டும். ஆளுயர இரும்புச் சாவி ஒன்றைக் குழிக்குள் விட்டு நாலு சுற்றுச் சுற்றினால் முடிகிற வேலை. ஆனால் மலாவி நாட்டில் பிற்பகல் இரண்டரை மணிக்குத் தொடங்கும் ஆட்டம் எங்கள் ஊரில் சரியாக ஆறு மணிக்குத் தொடங்கும். அவருடைய கைப்பேசிக்கோ தொட்டியைச் சுற்றி ஏறும் படிக்கட்டின் இரண்டாம் திருப்பத்தில் மட்டுந்தான் சிக்னல் கிடைக்கும். ஐந்தே முக்காலுக்கு ஏறி அமர்ந்தாரானால் இடைவேளைக்குத்தான் இறங்குவார். ஆக, ஆட்ட நாள்களில் கிழக்குத் தெருவுக்கு முதல் பாதி. மேற்குத் தெருவுக்கு இரண்டாம் பாதி. கிழக்குத் தெருவார் இரண்டு மணி நேரம் போல் பிடித்து, குளித்து, மாட்டையும் குளிப்பாட்டி முடித்தபின் தொட்டியில் மிஞ்சுவது எங்களுக்கு நூல்போல வரும்.

எங்கள் தெருவில் தனம் என்று ஒருத்தி இருக்கிறாள். அரியாங்குப்பத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை. வண்டியில் வீடு திரும்பியதும் குழாயைத் திருகுவாள். குழாய் காற்றை ஊதும். ஒருநாள் நேரே தொட்டியடிக்குப் போனாள். தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருந்த நானும் பின்னால் போனேன்.

"யோவ் மலாவி! அஞ்சே முக்காலுக்கே எங்க வால்வைத் தொறந்துட்டு ஏறினா இன்னா கொறஞ்சி பூடும்?"

மேலிருந்து பதில் வந்தது. "கெய்க்குத் தெரு டயத்துல கால் மணி நேரத்த எடுத்து ஒங்களுக்குக் குடுக்க எனக்கு ரைட்டு கெடையாது தனம்."

"எங்க டயத்துல முக்கா மணி நேரத்த எடுத்து அவுங்களுக்குக் குடுக்க மட்டும் ரைட்டு இருக்குதா?"

"அது நான் குடுக்கல. தானா போவுது."

அடிபட்டு விழுந்த ஆட்டக்காரர்களுக்காக நடுவர் கூட்டித் தரும் நிமிடங்களும் கிழக்குத் தெருவின் கணக்கிலேயே சேர்ந்தன. எங்கோ ஒருவர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு புல்லில் புரண்டால் இங்கே கிழக்குத் தெருவில் இரண்டு குடம் கூடுதலாக நிரம்பியது. இந்த அநீதியை எந்த அலுவலகத்தில் எந்தச் சொற்களில் முறையிடுவது என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

காலப்போக்கில் ஊர் பழகிக்கொண்டது. மஞ்சள் நீராட்டுக்கு நாள் குறிப்பவர்கள் பஞ்சாங்கத்துக்குப் போவதற்கு முன் தொட்டியடிக்குப் போனார்கள். "அன்னிக்கு ஒங்க பசங்களுக்கு மேட்ச்சு இருக்கா பாத்துச் சொல்லுபா, வூட்ல விசேசம்." அவர் கைப்பேசியில் தேடி, "அன்னிக்கு வேணாங்க. பெரிய டீமோட ஆட்றாங்க. மனசு சரியா இருக்காது" என்பார். மனம் யாருக்குச் சரியாக இருக்காது என்று எவரும் கேட்பதில்லை.

கோல் விழுந்தால் அவர் போடும் கூச்சல் நடவு வயல் தாண்டி அபிஷேகப்பாக்கம் சாலை வரை கேட்கும். முதல் தடவை, ஆள் விழுந்துவிட்டார் என்று இரண்டு தெருவும் ஓடிற்று. இரண்டாம் தடவை பாதிப்பேர் ஓடினார்கள். பிறகு எவரும் ஓடவில்லை. அதன்பின் ஒரு மழைநாளில் மெய்யாகவே படி வழுக்கி, கால் பிசகி, முதல் திருப்பத்தில் கிடந்து அவர் அலறினார். கிழக்குத் தெருவில் ஒருவர் மாட்டுக்குத் தவிடு கலக்கியபடியே, "ஏரிப் பசங்க ஒண்ணு போட்டுட்டாங்க போல" என்று மகிழ்ந்தாராம். இடைவேளை கடந்தும் தண்ணீர் மாறவில்லையே என்று பார்க்கப்போன தனந்தான் அவரைக் கண்டெடுத்தாள். கட்டுப் போட அழைத்துப் போகும் வழியெல்லாம், "ஸ்கோர் இன்னான்னு மட்டும் பாத்துச் சொல்லு" என்று உயிரை வாங்கினாராம். அன்று பார்த்துச் சொல்லத் தொடங்கியவள் பிறகு நிறுத்தவே இல்லை.

அவளும் அவரும் ஓர் உடன்படிக்கைக்கு வந்தார்கள். "மேட்ச்சு என்னிக்குன்னு முன்னாடியே எழுதிப் போட்டுடு. நாங்க காலைலயே புடிச்சி வெச்சிக்கிறோம்." நியாயமான கோரிக்கை. எழுதுவதற்குத்தான் இடமில்லை. தொட்டியின் நான்கு தூண்களில் மூன்றை மூன்று கட்சிகள் எடுத்துக்கொண்டிருந்தன. நான்காவதில் கொம்யூன் அலுவலகம் வண்ணத்தால் எழுதிவைத்த இரண்டு வரிகள் இருந்தன: 'தொட்டி சுத்தம் செய்த நாள்'; 'அடுத்து சுத்தம் செய்யும் நாள்'. இரண்டுக்கும் எதிரே நாள் எழுத வெற்றிடம். அந்த வெற்றிடங்களில் எவரும் எதையும் எழுதி நான் கண்டதில்லை. மலாவி சுண்ணக்கட்டியை எடுத்து, முதல் வரியில் முடிந்த ஆட்டத்தின் நாளையும், இரண்டாம் வரியில் வரப்போகும் ஆட்டத்தின் நாளையும் எழுதினார். வாரந்தோறும் தவறாமல் எழுதினார். ஊரில் அனைவருக்கும் அதன் பொருள் தெரியும்.

ஊருக்கு வெளியே இருந்த ஒருவருக்குத் தெரியாது. அவர் ஜே.இ. என்று நாங்கள் சொல்லும் இளநிலைப் பொறியாளர். ஒருநாள் ஜீப்பில் போகிற போக்கில் அந்தத் தூணைப் பார்த்துவிட்டார். மாதம் ஒருமுறை கழுவவே ஆபரேட்டர்கள் முணுமுணுக்கும் உலகத்தில் ஒரு தொட்டி வாரந்தோறும் கழுவப்படுகிறது! அவர் படம் பிடித்துக்கொண்டு போனார். அடுத்த வாரமே மற்ற ஊர்களின் ஆபரேட்டர்களுக்கு அந்தப் படம் காட்டப்பட்டு வசவும் வழங்கப்பட்டது. அவர்களில் இருவர் வண்டியேறி வந்து மலாவியைப் பிடித்துக்கொண்டார்கள். "யோவ், நீ ஒருத்தன் ஒயுங்கா இருந்துகினு எங்க உசுர வாங்காதய்யா!" தம் வாழ்நாளில் அப்படியொரு குற்றச்சாட்டை அவர் அதற்குமுன் கேட்டதில்லை. திகைத்துப்போய், "நான் ஒயுங்கெல்லாம் இல்லப்பா" என்றுதான் சொன்னார். அவர்கள் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

உண்மையை அப்போதே ஜே.இ.யிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் மலாவி பன்னிரண்டு ஆண்டுகளாக வவுச்சர் ஊழியர். எந்த நாளிலும் நாளை வரவேண்டாம் என்று சொல்லிவிடலாம். நிரந்தரமாக்குவோர் பட்டியலில் பெயர் ஏற ஜே.இ. ஒரு பரிந்துரை எழுத வேண்டும். "ஒன் பேர எழுதறேன்யா" என்று அவர் வாய்விட்டுச் சொல்லியும் இருந்தார். உண்மை தெரிந்தால் பரிந்துரையும் போகும், வேலையும் போகும்.

இந்த நிலையில்தான் மேற்குத் தெரு என்னிடம் மனு எழுதச் சொன்னது. ஊரில் மனு என்றால் என்னிடந்தான் வருவார்கள். நாற்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்ததற்கு ஊர் எனக்கு அளித்த தண்டனை அது. தண்ணீரைப் பற்றி மட்டும் நான் எழுதிய மனுக்களைத் தொகுத்தால் ஒரு நூலாகும். பயன் விளைந்தது ஒன்றிலும் இல்லை. இருப்பினும் ஒருவரைக் குற்றம் சாட்டி எழுதுமுன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்பது என் வழக்கம். முழங்கால் வலியோடு, ஓர் ஆட்ட நாளில், அந்த இரண்டாம் திருப்பம் வரை ஏறினேன்.

அவர் நகர்ந்து படியில் இடம் கொடுத்தார். கைப்பேசியில் படம் ஆடிக்கொண்டிருந்தது. பார்வையாளர் ஒருவர் கையில் பிடித்தே எடுக்கிறார் போலும். செம்மண் திடல், ஓரத்தில் மேளம், அதற்கு ஆடும் பெண்கள், நடுவே நீலச் சட்டையில் இருபது வயது மதிக்கத்தக்க மெலிந்த பிள்ளைகள்.

"இதில் அப்படி என்ன இருக்கிறது?" என்றேன்.

அவர் திரையின் மூலையில் ஓர் எண்ணைக் காட்டினார். ஏழு.

"மொத்தம் ஏழு பேரு பாக்கறோம் ஐயா. மொதமொத மோட்டார் காயில் கட்றது எப்டின்னு தேடும்போது தெரியாம இது வந்துடுச்சி. அன்னிக்கும் ஏழுதான். மூடலான்னு கை வெச்சேன். நான் எறங்கிட்டா ஆறு ஆயிடும்னு தோணுச்சி. அந்தப் பசங்க மழையில இம்மாம் ஓடறானுங்க. ஆறு பேருக்காவவா ஓடுவானுங்க?"

ஏழு பேருக்காக ஓடுவது எவ்வகையில் மேல் என்று கேட்க வாயெடுத்தவன், இடைவேளை வரை அங்கேயே இருந்துவிட்டேன். எங்கள் வீட்டில் அன்று தண்ணீர் பிடிக்க ஆளில்லை.

ஆனாலும் மனுவை எழுதினேன். எழுத வேண்டியது எழுதப்பட வேண்டும். தெருவார் ஒப்பமிட்டார்கள், தனம் முதல் ஒப்பம். கார்த்திகை மழை தொடங்கியிருந்தது. லீக்கின் கடைசி ஆட்டம் சனிக்கிழமை. அடியில் நிற்கும் மூன்று அணிகள் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியாக வேண்டும். ஏரிப் பசங்கள் அந்த ஆட்டத்தில் சமன் செய்தாலே தப்பிவிடலாம், தோற்றால் இறக்கம். மலாவி தூணில் இரண்டாம் வரிக்கு எதிரே அந்தச் சனிக்கிழமையைச் சற்றே பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்.

அந்த எழுத்தைப் பார்த்துத்தான் ஜே.இ.யும் வந்தார்.

சனிக்கிழமை மாலை நாலரை மணி. ஜீப் நின்றது. குடையோடு இறங்கியவர், "இன்னைக்குத்தானேய்யா சுத்தம் பண்ற நாள்? ஆரம்பி. நான் இருந்து பாக்கறேன். போட்டோ எடுத்து மேல அனுப்பணும். ஒன் பேரயும் இன்னைக்கே சேர்த்து எழுதிடறேன்" என்றார்.

மலாவியின் முகத்தை நான் பார்த்தேன். தொட்டியைக் கழுவுவது என்றால் நீர் முழுவதையும் வடித்துவிட்டு, வாய்வழியே உள்ளே இறங்கி, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து ஏறி வரவேண்டும். எட்டு மணியாகும். உள்ளே சிக்னல் இல்லை.

ஜே.இ. என் பக்கம் திரும்பினார். "ஐயா, நீங்க இந்தத் தெருதானே? வாராவாரம் ஒழுங்கா நடக்குதா?"

மனு என் சட்டைப்பையில் இருந்தது. தனம் என்னையே பார்த்தாள். மலாவி தம் செருப்பைப் பார்த்தார். அவருடைய பன்னிரண்டு ஆண்டுகளும் என் அடுத்த வாக்கியத்தில் தொங்குவதை மூவரும் அறிந்திருந்தோம். நான் ஒரு சொல்லையும் ஆராயாமல் வெளிவிடாதவன். ஆராய்ந்தேன்.

"அந்தத் தூணில் எழுதிய நாள் எதுவும் தவறியதில்லை" என்றேன்.

தனம் பெருமூச்சு விட்டாள். "ஐயாவே சொல்லிட்டாரு" என்று சொல்லிவிட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "பவுடர் டப்பாவ நான் தூக்கிகினு வரேன், நட." படியேறும்போது மலாவியின் கையிலிருந்த கைப்பேசியை அவள் வாங்கிக்கொண்டதை ஜே.இ. கவனிக்கவில்லை.

இரண்டு தெருவும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு தொட்டித் தண்ணீரும் வாய்க்காலில் ஓடிற்று. ஆறு மணிக்கு மலாவி உள்ளே இறங்கியிருந்தார். தேய்க்கும் ஓசை கேட்டது. இரண்டாம் திருப்பத்தில் தனம் குடைக்குள் குனிந்து நின்றாள்.

சிறிது நேரத்தில் மேல்நோக்கிக் கத்தினாள். "யோவ்! ஒண்ணுக்கு ஜீரோ! அவன் போட்டுட்டான்!"

தேய்க்கும் ஓசை நின்றது. பிறகு தொடர்ந்தது.

"என்னம்மா சொல்றீங்க?" என்றார் கீழிருந்த ஜே.இ.

"பவுடர் அளவு சார்!"

இடைவேளைக்குச் சற்று முன், "ஒண்ணுக்கு ஒண்ணு! ஒண்ணுக்கு ஒண்ணு!" என்று அவள் துள்ளியபோது படிக்கட்டே அதிர்ந்தது. தொட்டிக்குள்ளிருந்து எழுந்த கூச்சல் எதிரொலித்து, பத்துப் பேர் உள்ளே இருப்பதுபோல் கேட்டது. ஜே.இ. நெகிழ்ந்துபோனார். "வேலைய எவ்ளோ ரசிச்சி செய்றாரு பாருங்க" என்றார் என்னிடம். நான் குடையைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டேன்.

சமன் போதும். அப்படியே நின்றாலே போதும். எங்கள் தெருப் பெண்கள், வெறுங்குடங்களோடு, ஒவ்வொருவராகத் தொட்டியடிக்கு வந்து நின்றார்கள். எவரும் தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை. முடிய ஐந்து நிமிடம் இருக்கும் என்றாள் ஒருத்தி. தனம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு அவள் கையிலிருந்த குடை சாய்ந்தது. மழை அவள்மேல் பெய்தது, அவள் நிமிர்த்தவில்லை.

"தனம்!" என்று தொட்டிக்குள்ளிருந்து குரல். "இன்னா ஆச்சி? சத்தத்தையே காணோம்?"

அவள் முந்தானையால் திரையைத் துடைத்துப் பார்த்தாள்.

"ஏ தனம்! எவ்ளோ?"

"ரெண்டுக்கு ஒண்ணு, மலாவிண்ணே" என்றாள். அதுவரை அவரை அவள் அண்ணன் என்று அழைத்து எவரும் கேட்டதில்லை.

"இவ்ளோ ஸ்ட்ராங்காவா போடறது?" என்று ஜே.இ. கேட்டார்.

உள்ளே மறுபடியும் தேய்க்கும் ஓசை எழுந்தது. முடிக்க வேண்டிய நேரம் கடந்தும் அது ஓயவில்லை. போதும், ஏறி வாருங்கள் என்று நாங்கள் எவ்வளவோ அழைத்தோம். அந்தத் தொட்டி கட்டப்பட்ட நாள்முதல் அவ்வளவு தூய்மையாக அது என்றுமே இருந்ததில்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன். ஏறி வந்தவரின் கண்கள் சிவந்திருந்தன. "பிளீச்சிங் பவுடர் ஐயா" என்றார். நான் ஒப்புக்கொண்டேன்.

அந்த வேலைத்திறனுக்குப் பரிசாக அவரை அரியாங்குப்பத்துக்கு மாற்றினார்கள். அங்கே நாளொரு வீடு எழும்புகிறது, தொட்டிகள் பல. எல்லாவற்றையும் முறைவைத்துக் கழுவும் பொறுப்பு அவருக்கு. பரிந்துரையும் எழுதப்பட்டது. அது இன்னமும் மேசை மேசையாக ஏறிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. போகுமுன் தனத்திடமும் என்னிடமும் ஒன்றே ஒன்று சொன்னார்: "இனிமே அந்தப் பேச்ச எங்கிட்ட யாரும் எடுக்கக்கூடாது." நாங்கள் எடுக்கவில்லை. நாள்தோறும் காலையும் மாலையும் மொபெட்டில் எங்கள் தொட்டியைக் கடந்துதான் போகிறார். கையை உயர்த்துவார், நிற்கமாட்டார்.

புதிதாக வந்த ஆபரேட்டர் கடிகாரம் போன்றவர். ஆறு மணி அடித்தால் எங்கள் குழாயில் தண்ணீர். மனுக்களில் நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. தூணின் வெற்றிடங்கள் பழையபடி வெற்றிடங்களாயின. மாலைகளில் தண்ணீர் பிடித்து முடித்தபின் செய்வதற்கு ஒன்றும் இல்லாதது எனக்குப் பழக நாளாயிற்று.

ஓராண்டு கடந்து, இந்தச் சித்திரையில், தனம் வண்டியை நிறுத்திச் சொன்னாள். "ஐயா, ஏரிப் பசங்க மறுபடி பெரிய லீக்குக்கு மேல வந்துட்டாங்க. வர்ற சனிக்கெழம மொத மேட்ச்சு. மலாவிண்ணனுக்கு யாரு சொல்றது? பேசக்கூடாதுன்னுட்டாரே."

பேசக்கூடாது என்றுதான் சொன்னார். எழுதக்கூடாது என்று சொல்லவில்லை. அன்று மாலை சுண்ணக்கட்டியோடு தொட்டியடிக்குப் போனேன். 'அடுத்து சுத்தம் செய்யும் நாள்' என்ற வரிக்கு எதிரே, என்னால் இயன்ற அழகிய எழுத்தில், சனிக்கிழமை என்று எழுதினேன். அரசின் அறிவிப்பில் நான் அறிந்தே எழுதிய முதல் பொய் அது.

மறுநாள் காலை போய்ப் பார்த்தேன். என் சனிக்கிழமை உள்ளங்கையால் துடைக்கப்பட்டிருந்தது. அதன்மேல், எனக்கு நன்கு தெரிந்த கோணல் எழுத்தில், ஞாயிற்றுக்கிழமை என்றிருந்தது. தனம் கைப்பேசியைத் துழாவிப் பார்த்து, "ஆமா ஐயா, ஒரு நாள் தள்ளி வெச்சிருக்காங்க! இவருக்கு எப்டி…" என்று தொடங்கி, நிறுத்திக்கொண்டாள்.

பிறர் எழுத்தைத் திருத்தியே ஆயுளைக் கழித்தவன் நான். என் எழுத்தை ஒருவர் திருத்தியது இவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்று இதுவரை அறிந்ததில்லை. ஞாயிறுக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. சுண்ண எழுத்து மழைக்குத் தாங்காது. குடையை எடுத்துக்கொண்டு தொட்டியடிக்குப் புறப்படுகிறேன்.